பெற்றவரின் கடைசிக் காலம்: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

தீராத நோயில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. ஒன்றிரண்டு, படுக்கையில் இருக்கும் பெற்றோரே கேட்டவை. என் அம்மாவைக் கடைசி ஏழு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அப்போது இவற்றில் பாதிக்கு எனக்கு விடை தெரியாது. பிறகு படித்தும், மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மருந்தின் அளவு, சிகிச்சை பற்றிய முடிவு இரண்டுக்கும் உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா?

மறைக்கிறவர்கள் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போமே தவிர, பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். சட்டை தொளதொளவென்று ஆனதும், அவர் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்பதும், வராத உறவினர்கள் வரிசையாக வருவதும் அவர் கண்ணில் படாமலா இருக்கும்? பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அவர் வாய் திறக்க மாட்டார். அவர் உடைந்துபோவாரே என்று நாம் திறக்க மாட்டோம். ஒரே வீட்டில் ஒரே துக்கத்துக்கு ஆளுக்கொரு மூலையில் அழுகிற நிலை இப்படித்தான் வருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடவும் கூடாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேளுங்கள். “டாக்டர் சொன்னதை முழுசா சொல்லட்டுமாப்பா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?” என்று கேட்டால் போதும். “நீங்களே பாத்துக்கங்க” என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு; மதிக்க வேண்டும். “நான் பிழைப்பேனா?” என்று கேட்டால் உடனே பதில் தேடித் தடுமாற வேண்டாம். “உங்களுக்கு என்னப்பா தோணுது?” என்று திருப்பிக் கேளுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும், எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். “ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்” என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் தவிருங்கள். அதைக் கேட்டபின் அவர் தன் பயத்தை யாரிடம் சொல்வார்?

நேற்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு பேசிய அம்மா, இன்று அடுத்த வருடம் செய்யப்போவதைப் பற்றிப் பேசுகிறார். புரியாமல் பேசுகிறாரா?

புரிந்துதான் பேசுகிறார். சாவை எதிர்கொள்பவர் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைக் கடப்பதாக மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதினார். படிக்கட்டு போல ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவார்கள் என்று பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். மனம் அப்படி வரிசையாகப் போவதில்லை. காலையில் ஏற்பு, மாலையில் மறுப்பு என்று இருக்கலாம். திருத்தாதீர்கள்; அடுத்த வருடத்தைப் பற்றியும் உட்கார்ந்து கேளுங்கள்.

வென்டிலேட்டர், ஐ.சி.யூ. பற்றியெல்லாம் எப்போது பேசுவது?

அவர் குரல் தெளிவாக இருக்கும்போது. மறதி நோய் என்றால் இன்னும் முன்பே, ஆரம்பக் கட்டத்திலேயே. நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று பேச வேண்டிய பேச்சு இல்லை இது.

பேச வாயே வரவில்லை என்கிறவர்கள் உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மெஷின்ல போட்டு இழுத்தடிக்க வேண்டாம்னு நான் நினைக்கிறேம்மா, நீ என்ன நினைக்கிற?” தெரிந்தவர் யாராவது மருத்துவமனையில் இறந்த செய்தி வரும் நாளிலும் பேச்சு தானாக வரும். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ கால் பிடித்துவிடும்போதோ பேசுவது எளிது.

தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. எந்த நிலைக்குப் போனால் ‘இனி போதும்’ என்பார்? எங்கே இருக்க விரும்புகிறார், வீட்டிலா, மருத்துவமனையிலா? தன்னால் பேச முடியாதபோது தனக்காக யார் பேச வேண்டும்? இவற்றை எழுதிவைப்பதற்கான சட்ட முறை நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் இடத்து முறையைக் கேட்டு எழுதிவையுங்கள். எழுதாவிட்டாலும் அந்தப் பேச்சு வீண்போகாது. மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி “நீங்க என்ன சொல்றீங்க?” என்பதல்ல; “அவர் பேச முடிந்தால் என்ன சொல்வார்?” என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்த பிள்ளைக்குப் பாரம் பாதியாகும்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நின்ற இதயத்தை மார்பில் அழுத்தி இயக்கும் சி.பி.ஆர்., திடீரென்று இதயம் நின்றவர்களுக்காக வந்தது. நோய் முற்றி உடம்பின் எல்லா உறுப்பும் ஓயும் நிலையில் இருப்பவருக்கு அது பலன் தருவது மிக அரிது. விலா எலும்புகள் முறிவதோ சாதாரணமாக நடக்கும். “எல்லாம் செய்யுங்க டாக்டர்” என்று நாம் சொல்லும் அந்த ‘எல்லாம்’ என்னென்ன என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாலியேட்டிவ் கேருக்கு மாற்றச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை. நோயைக் குணமாக்குவது ஒரு வேலை. நோயாளியின் வலி, மூச்சுத் திணறல், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைத் தணிப்பது இன்னொரு வேலை; அதைத்தான் பாலியேட்டிவ் கேர் என்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

இறக்கும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்க 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகவும், பிறகு சமூக சேவகராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் படித்தவர். ‘முழு வலி’ என்ற கருத்தைச் சொன்னவர் அவர். உடம்பு வலிக்கும்போது கூடவே மனமும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், ‘எனக்கு ஏன் இப்படி?’ என்ற கேள்வியும் சேர்ந்து வலிக்கின்றன. மாத்திரை அதில் ஒரு பங்கைத்தான் தொடும் என்றார். உங்கள் அப்பா ராத்திரியில் மட்டும் வலியென்று முனகுகிறாரா? கடன் கவலையாகவும் இருக்கலாம், கல்யாணம் ஆகாத மகளைப் பற்றிய நினைப்பாகவும் இருக்கலாம்.

2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. ஆனாலும் அவர்கள் வாழ்ந்த காலம் மற்றவர்களைவிடக் கூடுதல்: இடைநிலை அளவில் (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாகவும் பாதிப் பேர் குறைவாகவும் வாழ்ந்த அளவு) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். அதனால் கடைசி வாரம்வரை காத்திருக்காமல் முன்பே கேளுங்கள். உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, அதில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாமாகக் கேட்காவிட்டால் கிடைக்காமலே போகலாம்.

கடும் வலிக்கான மருந்தான மார்பினைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்கிறார்களே?

சரியான அளவில் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாகக் கூட்டினால் அது உயிரைப் பறிக்காது. பலருக்குக் கடைசி நாட்களில்தான் அதைத் தொடங்குகிறார்கள் என்பதால், மருந்துதான் கொன்றது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதற்கான மருந்தையும் கூடவே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ‘வலிக்கும்போது கொடுங்கள்’ என்பதற்கும் ‘மணிக்கணக்கு தவறாமல் கொடுங்கள்’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எது என்று தெளிவாகக் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள்.

அம்மா சாப்பிட மறுக்கிறார். பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று இருக்கிறது.

நான் வாங்கிய மிகக் கடுமையான பாடம் இது. அம்மா வாயை இறுக மூடிக்கொள்வார். நான் கெஞ்சுவேன், அதட்டுவேன், ஒரு வாய், இன்னும் ஒரே வாய் என்று ஊட்டுவேன். இரவில் எல்லாவற்றையும் வாந்தி எடுப்பார். வீட்டுக்கு வந்துபோன செவிலியர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: “அவங்களுக்குப் பசியில்ல. உங்களுக்காகத்தான் வாயைத் திறக்கறாங்க.” அன்றோடு நிறுத்தினேன்.

உடம்பு ஓயும்போது பசியும் தாகமும் குறைவது இயற்கை. செரிக்கும் சக்தி இல்லாத வயிற்றில் உணவைத் திணித்தால் வலியும் வாந்தியும்தான் மிஞ்சும். மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வைத்து உணவு கொடுப்பது ஆயுளைக் கூட்டுவதில்லை, உணவு நுரையீரலுக்குள் போவதையும் தடுப்பதில்லை என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். கையால் பொறுமையாக ஊட்டுவதையே பரிந்துரைக்கிறார்கள். கடைசி நாட்களில் டிரிப்ஸ் ஏற்றினால் கால் வீங்கலாம், நெஞ்சில் சளி கூடலாம்.

கேட்டால் கொடுங்கள், பிடித்ததைக் கொடுங்கள், நிமிர்த்தி உட்காரவைத்து அரை ஸ்பூன் அளவில் கொடுங்கள். இருமினால் நிறுத்துங்கள். விழுங்கவே முடியாதபோது, ஈரத்துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் ஈரப்பசை தடவுங்கள். வாய் வறட்சிதான் பெரும்பாலும் அவர்களை வாட்டுகிறது. உணவை நிறுத்தினால் அன்பை நிறுத்துவதாக நமக்குத் தோன்றுவதில் தப்பில்லை. நமக்கு முதல் வாய் ஊட்டியவர் அவர்தானே. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். தலை வாரிவிடுங்கள், காலுக்கு எண்ணெய் தடவுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள்.

மகன் நான். அம்மாவுக்கு உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான் செய்யலாமா?

அம்மாவிடமே கேளுங்கள். சிலருக்கு மகன் செய்வதில் கூச்சமில்லை; சிலர் வேறு யாராவது செய்தால்தான் நிம்மதியாக இருப்பார்கள். நீங்களே செய்வதானால் கதவைச் சாத்துங்கள், துடைக்கும் பகுதி தவிர மற்றதைப் போர்த்தியே வையுங்கள், செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள். படுத்தே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப் புண்ணைத் தடுக்கும். கடைசி ஓரிரு நாளில் புரட்டுவதே வேதனை என்றால் இந்தக் கணக்கைத் தளர்த்திக்கொள்ளலாம்.

வயதானால் பெற்றவர் குழந்தையாகிவிடுகிறார், நாம் பெற்றவராகிவிடுகிறோம் என்கிறார்களே?

அன்போடு சொல்லும் பேச்சுதான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டயப்பர் கட்டினாலும் அவர் எழுபது, எண்பது வருடம் வாழ்ந்த மனிதர். உங்கள் முகம் வாடியிருந்தால் இன்னும் கண்டுபிடிப்பவர். குழந்தை என்று முடிவு செய்த உடனே நாம் என்ன செய்கிறோம் பாருங்கள்: அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறோம், கேட்காமலே சட்டையைத் தேர்ந்தெடுக்கிறோம், பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, வீட்டுப் பிரச்சினை எதையும் அவர் காதில் போடுவதில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து, அவர் பெற்றவராக இருக்கும் வேலையையே பிடுங்கிவிடுகிறோம்.

கடைசிக் காலத்தில் உதவி இரண்டு பக்கமும் போக வேண்டும். உங்கள் அலுவலகச் சிக்கலைச் சொல்லி யோசனை கேளுங்கள். பேரன் பேத்தியைப் பற்றிக் குறை சொல்லுங்கள், அவர் பரிந்து பேசட்டும். உங்களைத் திட்டுகிறாரா, திட்டட்டும். எழுந்திருக்க முடியாதவர்கூட “பாத்துப் போயிட்டு வா” என்று சொல்ல முடியும். அதைச் சொல்ல அவருக்கு நேரம் கொடுத்து, வாசலில் ஒரு நொடி நில்லுங்கள்.

(ஒரு தாயின் கேள்வி) என் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன். அவர்களுக்கு நான் இனி என்ன செய்ய முடியும்?

அம்மா, உங்களால் மட்டுமே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. உங்களால் பேச முடியாத நாளில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது சொல்லுங்கள். ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொன்னால், உங்களுக்குப் பிறகு அவர்கள் சண்டையிடுவார்கள். பத்திரம், வங்கிக் கணக்கு, காப்பீடு, கொடுக்கல் வாங்கல், போனின் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவையுங்கள். முடிவெடுக்கப்போகும் பிள்ளையிடம், “நீ அப்போ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும், நான் தப்பா நினைக்க மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பிள்ளை இரவில் நிம்மதியாகத் தூங்க அந்தச் சொல் உதவும்.

கனடா நாட்டு மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் 2005-இல் ஒரு முறையை விவரித்தார். நோயாளியிடம் அவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவுசெய்து, தட்டச்சு செய்து, அவருக்கே படித்துக்காட்டித் திருத்தி, குடும்பத்துக்கு விட்டுச்செல்லும்படி கொடுப்பார்கள். எதைப் பெருமையாக நினைக்கிறீர்கள், பிள்ளைகள் எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற கேள்விகள்தான். பங்கேற்ற பலர், வாழ்வதில் ஓர் அர்த்தம் இருப்பதாக உணர்ந்தார்கள். ஒரு போன் இருந்தால் பேரப்பிள்ளையே பதிவுசெய்யலாம்.

இன்னொன்று: அவர்கள் செய்வதை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் நீங்கள் கொடுப்பதுதான்.

எல்லாம் நான் ஒருத்தியே பார்க்கிறேன். தூரத்தில் இருக்கும் அண்ணன் வந்ததும் ‘ஏன் வேற டாக்டர்கிட்ட காட்டல?’ என்று கத்துகிறார்.

இது எல்லா இடத்திலும் நடப்பது. தூரத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் பிள்ளைக்கு மருத்துவர்களே ஒரு பட்டப்பெயர் வைத்து, 1991-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. அந்தக் கத்தலுக்குள் இருப்பது பெரும்பாலும் குற்ற உணர்ச்சி. நீங்கள் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்த சரிவை அவர் ஒரே நாளில் பார்க்கிறார். வாதாடுவதைவிட, இரண்டு இரவு அவரையே பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். மருத்துவரை நேரடியாகச் சந்திக்கவைத்து, அம்மா சொன்ன விருப்பத்தையும் காட்டுங்கள்.

வேலையைச் சமமாகப் பங்கிட முடியாது. தூரத்தில் இருப்பவர் பணம், மருத்துவமனைக் கணக்கு, உறவினர்களுக்குத் தகவல் சொல்வது, தினமும் ஒரே நேரத்தில் அம்மாவோடு பேசுவது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ‘எல்லாரும் உதவுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை நீ’ என்று சொல்லுங்கள்.

சில சமயம் ‘சீக்கிரம் முடிந்தால் தேவலை’ என்று தோன்றுகிறது. நான் இவ்வளவு கெட்டவளா?

இல்லை. நாள் கணக்கில் தூங்காத உடம்பு அப்படித்தான் நினைக்கும். அவர் படும் வேதனை முடியட்டும் என்பதும், நான் ஒருநாள் தூங்க வேண்டும் என்பதும் ஒரே மனதில் ஒன்றாகவே இருக்கலாம். ஆள் இருக்கும்போதே தொடங்கிவிடும் துக்கம் ஒன்று உண்டு; மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் 1944-இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். எண்ணம் வருவது குற்றமில்லை. ஆனால் எரிந்து விழுவதும் கை ஓங்குவதும் தொடங்கிவிட்டால் அன்றே வேறொருவரை வரவழையுங்கள். அது உங்களையும் காக்கும், அவரையும் காக்கும்.

சின்ன வயதில் என்னை அடித்து வதைத்தவர் அப்பா. இப்போது நான் பார்க்க வேண்டுமா?

மன்னித்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. படுக்கையில் விழுந்ததால் பழையது நடக்காததாகிவிடாது. பணம் கொடுத்து ஆள் வைப்பது, மருத்துவரோடு பேசுவது, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் நிற்பது என்று உங்களால் முடிந்த எல்லையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். போகாமலும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்து மட்டும் போகாதீர்கள். பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

கசப்பு அவ்வளவு ஆழமில்லை, பேச்சு மட்டும் அறுந்துவிட்டது என்றால் வேறு. இறப்பவர்களோடு பல காலம் இருந்த மருத்துவர் ஐரா பயாக், சொல்ல வேண்டியவை நான்கு என்கிறார்: என்னை மன்னித்துவிடு, உன்னை மன்னித்துவிட்டேன், நன்றி, உன்னை நேசிக்கிறேன். தமிழில் பெற்றவரிடம் “நேசிக்கிறேன்” என்று யார் சொல்கிறோம்? “நான் இங்கதாம்ப்பா இருக்கேன்” என்றால் அவருக்குப் புரியும்.

இறக்கப்போவது என் மகன். நான் உயிரோடு இருக்கிறேன்.

இதற்குச் சமாதானம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கூட இருந்தவர்கள் சொன்ன ஒன்றை மட்டும் சொல்கிறேன். வளர்ந்த மகன் தன் சிகிச்சையைத் தானும் தன் மனைவியும் முடிவு செய்யவே விரும்புவான். உங்கள் கைகள் துடிக்கும்; ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மருமகளுக்குத் தூங்க நேரம் கொடுங்கள். அவன் உங்கள் முன்னால் அழாமல் இருக்கப் பாடுபடுவான். நீங்கள் முதலில் அழுதுவிட்டால், அவனுக்கும் அழ வழி கிடைக்கும்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும்? பயமாக இருக்கிறது.

தூக்கம் கூடிக்கொண்டே போகும். கையும் காலும் குளிர்ந்து, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில நொடிகள் நின்று மறுபடி வரும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் தேங்குவதால் வரும் சத்தம் அது. கேட்கிற நம்மை உலுக்குமே தவிர, பெரும்பாலும் அவர் அதை உணர்வதில்லை. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். இல்லாதவர்களைப் பெயர் சொல்லி அழைத்தால் மறுத்துப் பேசாதீர்கள். வலியில் முகம் சுருங்கினாலோ மூச்சுக்குத் தவித்தாலோ மருத்துவரை அழையுங்கள். அதைத் தணிக்க மருந்து உண்டு.

பேசிக்கொண்டே இருங்கள். கனடாவில் 2020-இல் வெளியான ஆய்வில், நினைவிழந்து சில மணி நேரத்தில் இறக்கும் நிலையில் இருந்தவர்களில் சிலரின் மூளை, ஒலிகளுக்கு ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே பதில் அளித்தது. சொல்வது அவர்களுக்குப் புரிந்ததா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. நம் குரல் அவர்களை எட்டலாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரவும் பகலும் கூடவே இருந்தேன். நான் இல்லாத ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்.

இதை மறுபடி மறுபடி கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் அறையை விட்டு வெளியே போன நேரத்தில்தான் பலரின் மூச்சு நிற்கிறது என்று செவிலியர்கள் சொல்வார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கூடவே இருந்த அத்தனை நாட்களை அந்த ஐந்து நிமிடம் அழித்துவிடாது.

என் அம்மாவும் நான் துணி அலசப் போயிருந்தபோதுதான் போனார். முந்தின இரவு அவர் பேசியது ஒரே வாக்கியம். கண்ணைத் திறக்காமலே, “போய்ப் படு, காலையில உனக்கு வேலை இருக்கு” என்றார்.